மாத்திரைக்குள் மருந்தைத் தவிர வேறென்ன?

கேள்வி: அப்பாவுக்கு நான்கு வருடமாக பி.பி.க்கு அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை. போன மாதம் மெடிக்கலில் ஸ்டாக் இல்லையென்று வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் உடம்பெல்லாம் அரிப்பு. “உள்ளே சேர்க்கிற நிறம் ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், என்னென்ன இருக்கிறது என்று கேட்டு வாருங்கள்” என்கிறார் டாக்டர். எங்கே கேட்பது?
- பாலக்கோடு வாசகர்

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பழைய கம்பெனி மாத்திரை தர்மபுரியில் கிடைத்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டு அதற்கே மாற்றுங்கள். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே 108.

5 மில்லிகிராம் மருந்து என்பது ஒன்றிரண்டு கடுகின் எடைதான். மாத்திரையின் மீதி எடையெல்லாம் நிரப்புமாவு, பிணைக்கும் பொருள், வயிற்றில் கரைய உதவும் பொருள் போன்றவை. இவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல அட்டைகளில் இவ்வளவையும் ‘எக்ஸிபியன்ட்ஸ் கியூ.எஸ்.’, அதாவது ‘துணைப்பொருட்கள் தேவையான அளவு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நிறம் மட்டும் விதிவிலக்கு. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி அதன் பெயரை லேபிளில் போட வேண்டும். ‘கலர்’ என்று தொடங்கும் பொடி எழுத்தைத் தேடுங்கள். சிலருக்கு ஒத்துக்கொள்ளாத நிறங்களான டார்ட்ரசின், சன்செட் எல்லோ என்றிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த வரியே இல்லாத வெள்ளை மாத்திரை என்றால் நிறத்தின் மீதுள்ள சந்தேகம் குறையும்.

நான்கைந்து மாத்திரையாக வெட்டி வாங்கினால் இந்த வரியும் பேட்ச் நம்பரும் கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாக வாங்குங்கள். அட்டைகள் வந்த பெட்டிக்குள் மடித்த தாள் இருந்தால் அதையும் கேளுங்கள். சில கம்பெனிகள் முழுப் பட்டியலை அதில் தருகின்றன.

அதிலும் இல்லையென்றால் கம்பெனிக்கே மெயில் அனுப்புங்கள். விற்கும் கம்பெனி ஒன்று, தயாரிப்பது வேறொன்று என்பது நம் நாட்டில் சகஜம். அதனால் பிராண்ட் பெயர், மி.கி., பேட்ச் நம்பர், தயாரித்த கம்பெனி நான்கையும் எழுதுங்கள். எது எவ்வளவு என்று கேட்டால் தொழில் ரகசியம் என்பார்கள். “டார்ட்ரசின் உண்டா? லாக்டோஸ் (பால் சர்க்கரை) உண்டா? கோதுமை ஸ்டார்ச் உண்டா?” என்று நேராகக் கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம். டாக்டரின் கடிதத்தையும் இணைத்தால் இன்னும் நல்லது.

அட்டையில் க்யூஆர் கோடு இருந்து, அதை ஸ்கேன் செய்தால் பெயர், பேட்ச், காலாவதித் தேதி போன்றவை வரும். உள்ளே சேர்த்த பொருட்கள் வராமல் போகலாம். அமெரிக்க இணையதளங்களில் பட்டியல் இருக்கும். ஆனால் அது அங்கே விற்கும் மாத்திரைக்கானது, உங்கள் அட்டைக்குப் பொருந்தாது.

பலரும் லாக்டோஸைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். மாத்திரையில் இருப்பது மில்லிகிராம் கணக்கில். ஒரு டம்ளர் பாலிலோ ஏறக்குறைய 9 கிராம். பால் குடித்தால் உங்கள் அப்பாவுக்கு ஒன்றும் ஆவதில்லை என்றால், காரணத்தை வேறெங்காவதுதான் தேட வேண்டும். அம்லோடிபினே சிலருக்கு அரிப்பு தரும். ஆனால் நான்கு வருடம் ஒத்துக்கொண்டிருப்பதால் டாக்டர் அதைக் கடைசியாகத்தான் யோசிப்பார்.

பக்க விளைவைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. வேலை நாட்களில் பகலில் கூப்பிடுங்கள். பேட்ச் நம்பர் தேவைப்படும். காலி அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.