இராஜினாமாக் கடிதம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: கொழும்பில் ஐம்பது பேர் வேலை செய்யும் தனியார் கம்பனி. எனக்கு எட்டு வருடச் சேவை, சம்பளம் 80,000 ரூபாய். ஆட்குறைப்பாம். இன்றைக்கே இராஜினாமாக் கடிதம் கொடுத்தால் "முழுத் தீர்வாக" மூன்று மாதச் சம்பளம் தருவார்களாம். கொடுக்கலாமா?

தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்தக் கையெழுத்துக்குத்தான் அவர்கள் அவசரப்படுகிறார்கள்.

இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத தனியார் நிறுவனத்தில், முந்தைய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்த இரண்டே வழி. ஒன்று, ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. அனுமதி கேட்டால் விசாரணை வரும், நட்டஈடும் கட்ட வேண்டும். உங்கள் இராஜினாமா அதையெல்லாம் இல்லாமல் ஆக்கிவிடும். சம்மதமும் அனுமதியும் இல்லாமல் நிறுத்தினால் அந்த வேலைநீக்கம் செல்லாது. "கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள்" என்று சம்பளமில்லாமல் அனுப்புவதும் இதே சட்டத்துக்குள்தான் வரும்.

கணக்கைப் பாருங்கள். ஆணையாளர் நாயகம் பயன்படுத்தும் நட்டஈட்டு வாய்ப்பாட்டில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறிலிருந்து பதினான்காம் வருடம் வரை இரண்டு மாதம். எட்டு வருடத்துக்கு 12.5 + 6 = 18.5 மாதம், அதாவது 14,80,000 ரூபாய். பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது சேவைக்காலத்துக்காகக் கிடைக்கும் தொகை, இதற்குப் புறம்பானது: ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதம் என்ற கணக்கில் 3,20,000. அவர்கள் தருவதாகச் சொல்லும் 2,40,000 உங்களுக்கு ஏற்கெனவே சேர வேண்டிய பணிக்கொடைக்கே போதாது! "முழுத் தீர்வு" என்ற சொல் வரும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இன்றே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "நான் இராஜினாமா செய்யவில்லை. தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்." அதன் பிரதியைச் சொந்த மின்னஞ்சலுக்கும் போடுங்கள், கம்பனிக் கணக்கை எந்த நேரமும் மூடலாம். நியமனக் கடிதம், சம்பளத் துண்டுகள், ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கூற்று, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். நாளைக்கும் வழமைபோல் வேலைக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால், திகதி, நேரத்தோடு அதையும் எழுதி அனுப்புங்கள். போகாமல் இருந்தால் வேலையைக் கைவிட்டார் என்று எழுத இடமாகிவிடும்.

மீறி நிறுத்தினால் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்திலோ நாரஹேன்பிட்டித் தொழில் செயலகத்திலோ முறையிடுங்கள். நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். "பேசித் தீர்ப்போம்" என்று அவர்கள் இழுத்தாலும் அந்த நாள் தள்ளிப் போகாது.