கேழ்வரகுக் கூழ் குடித்தால் முட்டை கருவாகுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. இக்ஸி முறையில் (விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) 8 முட்டைகள் எடுத்தார்கள், ஒன்றுகூடக் கருவாகவில்லை. 'அடுத்த தடவை கால்சியம் போட்டுப் பார்க்கலாம்' என்றார் டாக்டர். அன்றிலிருந்து மாமியார் தினமும் கேழ்வரகுக் கூழும் பிரண்டைத் துவையலும் தருகிறார். கால்சியம் மாத்திரையும் போடட்டுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: துவையல் ருசிக்காக இருந்துவிட்டுப் போகட்டும். மாத்திரை இதற்கு உதவாது. நீங்கள் எவ்வளவு சாப்பிட்டாலும் ரத்தத்தின் கால்சிய அளவை உடல் ஏற விடாது. முட்டையோ தனக்கு வேண்டியதை உள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறது. திறந்துவிடத்தான் ஆள் வேண்டும்.

அந்த ஆள் விந்தணு. முதிர்ந்த முட்டை, செல்பிரிவைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். விந்தணு தன்னோடு பிஎல்சி ஸீட்டா என்ற புரதத்தைக் கொண்டுவருகிறது (2002-ல்தான் இது தெரிய வந்தது). அதனால் உண்டாகும் ஐபி3 என்ற சிறு மூலக்கூறு கால்சியக் கிடங்கின் மதகைத் திறக்கும். ஒரேயடியாக அல்ல. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷம் உங்கள் பக்கம் முறை வைத்து விடுவார்களே, அப்படித்தான்: திறக்கும், அடைக்கும், மறுபடி திறக்கும். எலி முட்டையில் சுமார் 10 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தரமாகச் சில மணி நேரம் இது நடக்கும். பாதியில் நின்ற பிரிவு இதனால்தான் முடிகிறது. இயற்கையாகக் கருத்தரிக்கும்போது இன்னொரு விந்தணு நுழையாதபடி மேலுறை இறுகுவதும் இதனால்தான்.

டாக்டர் சொன்னது கால்சியம் அயனோபோர் என்ற மருந்தாக இருக்கும். அது உங்கள் உடம்புக்குள் போகாது. ஊசியால் விந்தணுவைச் செலுத்திய பிறகு, லேபில் முட்டையைச் சில நிமிடம் அந்த மருந்துத் துளியில் வைத்துக் கழுவி எடுப்பார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு கால்சிய ஏற்றம்தான் வரும், முறைவைப்பு வராது. பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

எல்லோருக்கும் இதைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்களுக்கு ஒன்றுமே கருவாகாததால் கேட்டுப் பார்ப்பது நியாயம். அதற்கு முன் லேப் குறிப்பை வாங்கிப் பாருங்கள். 8-ல் எத்தனை முதிர்ந்தவை? முதிராத முட்டைக்கு இந்த மருந்தால் பயனில்லை. கணவரின் விந்தணுத் தலை உருண்டையாக இருந்ததா? அப்படிப்பட்டவற்றில் அந்தப் புரதம் பெரும்பாலும் இருக்காது. அயனோபோர் நன்றாகக் கைகொடுப்பதும் அங்கேதான்.

அப்புறம், ஃபோலிக் அமில மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்திவிடாதீர்கள்.