ஐடி ஆளே இல்லாத கம்பெனியில் முதல் ஆளாகச் சேர்ந்தால்: கேள்வி பதில்

ஒன்றுமே இல்லாத இடத்தில் நெட்வொர்க், மெயில், பேக்கப் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்கும் வேலையில் சேர்ந்தவர்களும் சேரப் போகிறவர்களும் கேட்டவை.

அண்ணா, ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்கிறேன். அறுபது பேர். ஒரு ரூட்டர், கணக்கு எழுதும் டேலி ஓடும் ஒரு பிசி, அவ்வளவுதான் இருக்கிறது. முதல் வாரம் என்ன வாங்கச் சொல்லலாம்?

எதையும் வாங்கச் சொல்லாதீர்கள் தம்பி. முதலில் கம்பெனியின் டொமைன், அதாவது வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் உள்ள இணையப் பெயர், யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவரோ, முதலாளியின் உறவுக்காரரோ தன் சொந்த மெயில் ஐடியில் பதிவு செய்திருப்பது சர்வசாதாரணம். புதுப்பிக்கச் சொல்லும் நோட்டீஸ் அவருக்குத்தான் போகும். அவர் கவனிக்காமல் விட்டால் மெயிலும் வெப்சைட்டும் சேர்ந்தே படுத்துவிடும். அதைக் கம்பெனி பெயருக்கு மாற்றுங்கள். ஆனால் அந்தக் கணக்கின் தொடர்பு மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் போனால் அந்த மெயிலும் போய்விடும், மீட்பது பெரும் பாடாகிவிடும். அப்புறம் இன்டர்நெட் இணைப்பு, டேலி லைசென்ஸ், கேமரா பதிவுக் கருவி (டிவிஆர்) பாஸ்வேர்ட் எல்லாம் யார் கையில் இருக்கின்றன என்று எழுதி வையுங்கள்.

சார், ரூட்டர் தரும் 192.168.1 என்ற ஐபி முகவரி வரிசையையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஏகப்பட்ட வீட்டு ரூட்டர்களில் இதே வரிசைதான். வீட்டிலிருந்து விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான இணைப்பு) போட்டு ஆபீஸ் சர்வர் 192.168.1.10-ஐத் தேடினால், லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். 10-இல் தொடங்கும் வரிசையை எடுங்கள். ஆபீஸுக்கு 10.20.10, மெஷின்களுக்கு 10.20.20, கேமராவுக்கு 10.20.30, விருந்தினர் வைஃபைக்கு 10.20.40 என்று தனித்தனி விலான், அதாவது அதே சுவிட்சுகளுக்குள் பிரித்த தனி நெட்வொர்க். கணினி இயக்கும் சிஎன்சி மெஷின்களில் பழைய விண்டோஸ் இருந்தால் அப்டேட் போட முடியாது, அதனால் அவற்றைப் பிரித்து வைப்பது கட்டாயம். இதை இப்போதே செய்துவிடுங்கள். பிரின்டர், பயோமெட்ரிக், கேமரா எல்லாம் வந்தபின் ஒவ்வொன்றிலும் கையால் ஐபி மாற்றுவது பெரும் பாடு.

எலெக்ட்ரீஷியன் கேட்6 நெட்வொர்க் கேபிளைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா அண்ணா?

அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. ஒரு துண்டை வெட்டி, பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேமராவுக்கும் வைஃபை கருவிக்கும் இதே கேபிளில்தான் மின்சாரமும் போகிறது. அலுமினியத்தில் மின்தடை அதிகம், நீளம் கூடக்கூட வோல்டேஜ் இறங்கும், கம்பி சூடாகும். கேமரா இரவில் மட்டும் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வரும். இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது கூடுதல் மின்சாரம் தேவை, அது போய்ச் சேராது. நீங்களோ கேமராவைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

செம்பாகவே இருந்தாலும் சுவிட்சிலிருந்து கருவி வரை 100 மீட்டர்தான் எல்லை. ஷெட்டுக்கு ஷெட் போகும்போது தூரம் குறைவாக இருந்தாலும் கண்ணாடி இழை ஃபைபர் கேபிள் போடுங்கள். இடி மின்னலும் எர்த்திங் வித்தியாசமும் செம்புக் கம்பி வழியாக வந்து சுவிட்சைக் கொன்றுவிடும். ஃபைபர் வழியாக அது வராது.

சர்வர் வாங்குவதா, கிளவுடா?

மெயிலைக் கிளவுடில் வையுங்கள், சொந்த மெயில் சர்வர் வேண்டவே வேண்டாம். டேலி, டிராயிங் ஃபைல்கள் உள்ளேயே இருக்கட்டும்.

"தினமும் பேக்கப் ஓடுகிறதே, அப்புறம் என்ன?" என்கிறார் எங்கள் முதலாளி. என்ன பதில் சொல்வது சார்?

கிட்லேப் என்ற மென்பொருள் கம்பெனியின் கதையைச் சொல்லுங்கள். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில், அதாவது நேரடியாக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸில், அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சரி, பேக்கப்பை எடுக்கலாம் என்று போனால் அது காலி. பேக்கப் மென்பொருளின் வெர்ஷன் டேட்டாபேஸின் வெர்ஷனோடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களோ போலி மெயிலைத் தடுக்கும் டிமார்க் சோதனையில் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் வந்து சேரவில்லை. வேறு வேலைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அந்த நேர்மைக்கு எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

ஆகவே மாதம் ஒருமுறை டேலி பேக்கப்பை வேறொரு பிசியில் ரீஸ்டோர் செய்யுங்கள். அக்கவுண்டன்டை உட்காரவைத்து, பேங்க் லெட்ஜரைத் திறந்து, பேக்கப் எடுத்த நாளின் இருப்பு சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொன்னால்தான் அது பேக்கப். ஒரு நகல் எப்போதும் கழற்றி வைத்த டிஸ்க்கில் இருக்கட்டும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

சின்னக் கம்பெனிக்குச் சட்டம் ஏதாவது உண்டா?

உண்டு. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு நிறுவனங்களுக்கும் பொருந்தும். சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், லாக்குகளை (கருவிகளில் நடப்பதன் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். சின்ன ஃபயர்வாலில் அவ்வளவு நாள் லாக் தங்காது, அதைச் சேமிக்கத் தனியாக ஒரு மெஷின் ஒதுக்குங்கள்.

எல்லா பிசியிலும் விண்டோஸ் 10. ஒரே நேரத்தில் மாற்றப் பணம் தர மாட்டேன் என்கிறார்கள் அண்ணா.

2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், பிராசசரும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். எந்தெந்த பிசி தேறும் என்று முதலில் பட்டியல் போடுங்கள். தேறாதவற்றில் பேங்க் பேமென்ட் போடும் பிசியை முதலில் மாற்றச் சொல்லுங்கள், அதற்கு மட்டும் பிடிவாதம் பிடிக்கலாம். அடுத்து ஹெச்ஆர். மற்றவை அடுத்த நிதியாண்டு பட்ஜெட்டில் வரட்டும்.