மாலத்தீவு தேனிலவு: ‘எல்லாம் சேர்த்து’ என்று ஏஜென்ட் சொன்னால் எதெல்லாம் சேரவில்லை என்று கேளுங்கள்

கேள்வி: வரும் தையில் எனக்குக் கல்யாணம். மாலத்தீவில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தரும் தீவு ரிசார்ட் ஒன்றை மதுரையில் ஒரு ஏஜென்ட் காட்டினார். 4 இரவு, 5 நாள், விமானம் உட்பட எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் 1,90,000 ரூபாய். இந்த வாரமே முழுப் பணமும் கட்டினால் 15,000 குறைப்பாராம். கட்டலாமா? அங்கே போய் மேற்கொண்டு செலவு வருமா? பெண்ணின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் இருக்கிறது, மாற்ற வேண்டுமா? (திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கட்டாதீர்கள் தம்பி. இந்த வாரம் கட்டாதீர்கள். ‘இந்த வாரமே’ என்று யாராவது அவசரப்படுத்தினால் அவசரம் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. அந்த 15,000 தள்ளுபடி தூண்டிலில் கோத்த புழு.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நீங்கள் அனுப்பிய நோட்டீஸில் ரிசார்ட்டுக்குப் போவது சீபிளேனில் என்று போட்டிருக்கிறது, அதாவது தண்ணீரில் இறங்கும் குட்டி விமானம். போக வர ஓர் ஆளுக்குப் பெரும்பாலும் 400 டாலருக்கு மேல் வரும். இரண்டு பேருக்கு 800 டாலர் என்றாலே சுமார் 70,000 ரூபாய். தை மாதம் அங்கே சீசன் உச்சம். மழை ஓய்ந்து வடகிழக்குக் காற்று சீராக அடிக்கும் காலம், பாய்மரத்துக்கு நல்லதுதான், ஆனால் அறை வாடகையும் பாய் விரித்து ஏறும். மீதி 1,20,000 ரூபாயில் இரண்டு பேருக்கு விமான டிக்கெட், நான்கு ராத்திரி அறை, சாப்பாடு எல்லாம் அடங்குமா? எனக்கு அடங்கவில்லை. ஏதோ ஒன்று இதில் சேரவில்லை, அநேகமாக அந்த சீபிளேன்தான். ரிசார்ட் தனித் தீவில் இருக்கிறது, நீந்திப் போக முடியாது, அங்கே இறங்கிய பிறகு வாய் பேசாமல் கட்டுவீர்கள்.

அப்புறம் வரி. ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி, 2025 ஜனவரியிலிருந்து இதுதான் கணக்கு. உங்களுக்கு நான்கு இரவுக்கு 96 டாலர். இது போக, ரிசார்ட் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டிருப்பார்கள், நம் ஆட்கள் அதை ஏதோ டிசைன் என்று நினைத்துவிடுகிறார்கள். 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் சேர்த்து மேலே 17 சதவீதம் ஜிஎஸ்டி என்று அர்த்தம். 100 டாலர் என்று எழுதியிருப்பதற்கு பில் 128 டாலர் 70 சென்ட் வரும். அதனால் ஏஜென்டிடம் ‘எல்லாம் சேருமா’ என்று கேட்காதீர்கள், சேரும் என்றுதான் சொல்வார். ‘எதெல்லாம் சேரவில்லை, வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். எழுதத் தயங்கினால் அந்தக் கடைப் படியை இறங்கிவிடலாம்.

நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு தில்லுமுல்லு இருக்கிறது. சீபிளேன் பகலில் மட்டும்தான் பறக்கும். மாலத்தீவின் தலைநகர் மாலே, அங்கே விமான நிலையத்தில் மாலை மூன்றரைக்கு மேல் இறங்கினால் அன்றைக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து மாலேவுக்கு நேரடி விமானம் கிடையாது, கொழும்பு வழியாகவோ, காரில் திருவனந்தபுரம் போய் அங்கிருந்தோ போகவேண்டும். மலிவான டிக்கெட் என்று ராத்திரி இறங்கும் விமானத்தில் போட்டுவிடுவார்கள். முதல் ராத்திரி பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் ஏதாவது சாதா ஹோட்டல். உங்கள் ‘4 இரவு ரிசார்ட்’ அங்கேயே 3 ஆகிவிடும். என்னிடம் வந்த ஒரு ஜோடிக்குத் திரும்பும் விமானம் விடிகாலையில் இருந்ததால் கடைசி ராத்திரியும் அப்படியே போனது. நான்கு ராத்திரிக்குப் பணம் கட்டி இரண்டு ராத்திரி கடலைப் பார்த்தார்கள். ரிசார்ட்டுக்கு ஸ்பீட் போட்டில் போவதாக இருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

கொழும்பு வழி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இதில்தான் படித்தவர்களே விழுகிறார்கள். மதுரையிலிருந்து மாலே வரை ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி நேராகப் போய்விடும், நீங்கள் கொழும்பில் உள்ளேயே உட்கார்ந்து அடுத்த விமானம் ஏறலாம். சில ஆயிரம் மிச்சம் என்று மதுரை–கொழும்பு தனியாக, கொழும்பு–மாலே தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால் கதையே வேறு. பெட்டியை எடுக்க இலங்கைக்குள் நுழைய வேண்டியிருக்கும், அதற்கு அனுமதி வேண்டும், மறுபடி செக்-இன் செய்யவேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானக்காரர் உங்களுக்காகக் காத்திருக்கவும் மாட்டார், பணத்தைத் திருப்பவும் மாட்டார். டிக்கெட்டில் பிஎன்ஆர் எண் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டாம். அப்பா பெயர் இருந்தால் இருக்கட்டும். இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் இலவசமாக விசா தருகிறார்கள். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, ஆறு மாதமாவது மிச்சமுள்ள பாஸ்போர்ட் கையில் இருந்தால் போதும். டிக்கெட்டில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கவேண்டும். ‘கல்யாணம் ஆயிடுச்சே’ என்று பெண் பெயருக்குப் பின்னால் உங்கள் பெயரை ஒட்டி டிக்கெட் போடும் புத்திசாலிகள் நம் ஊரில் நிறைய. நம் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். அது தெரியாத எவனோ எங்கோ உட்கார்ந்து செய்த படிவம் ‘கடைசிப் பெயர்’ கேட்டுக்கொண்டே இருக்கும், காலியாக விட்டால் நகராது. இத்தனை வருஷமாகியும் இதைச் சரிசெய்ய யாருக்கும் மனசு வரவில்லை. எதை நிரப்புவது என்று அந்த விமான நிறுவனத்தையே கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற படிவத்தை ஆன்லைனில் நிரப்பவேண்டும், திரும்பும்போதும் அப்படியே. மாலத்தீவு அரசு தளத்தில் இது இலவசம். யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் அது அவருடைய டீச் செலவு.

பணம் கட்டும் முறைக்கு வருவோம். முன்பணம் மட்டும், அதுவும் கம்பெனிக் கணக்குக்கு. ‘என் நம்பருக்கு ஜிபே பண்ணுங்க’ என்றால் கூடாது. வெளிநாட்டு டூர் என்பதால் டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள், அது உங்கள் பான் எண்ணில் ஏறி வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் தெரியவேண்டும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். பான் எண்ணே கேட்காமல் ‘டாக்ஸ்’ என்று ரொக்கமாக வாங்கினால் அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். மீதியைக் கட்டுமுன் ரிசார்ட் கொடுத்த கன்ஃபர்மேஷன் எண்ணை வாங்கி, ரிசார்ட்டுக்கு நீங்களே ஒரு மெயில் போடுங்கள்: எங்கள் பெயரில் அறை இருக்கிறதா, எந்தத் தேதி, சீபிளேன் சேர்த்தியா. ஏஜென்ட் தன் லெட்டர்பேடில் அடித்துத் தரும் வவுச்சர் கல்யாணப் பத்திரிகைக்குச் சமம், படிக்க நன்றாயிருக்கும்.

பாய்மரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நோட்டீஸில் ‘சன்செட் செய்லிங்’ என்று இருக்கிறது. அது பெரும்பாலும் என்ஜின் வைத்த தோணி. அங்கேயும் அதைத் ‘தோனி’ என்றுதான் சொல்கிறார்கள். நீங்களே ஓட்ட வேண்டும் என்றால் கேட்டமரன் (இரட்டை அடிப்பாகம் உள்ள பாய்மரப் படகு) பாடம் சேர்த்தியா, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். நம் கட்டுமரம்தான் கேட்டமரன் ஆகி, டாலர் விலையில் திரும்பி வந்திருக்கிறது. ஊர்க் கிணற்றில் குதித்துப் பழகியவர் என்றாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள்.

கடைசியாக, பெட்டி கட்டும்போது துணைக்கு இருக்கட்டும் என்று உங்கள் அம்மா சின்ன மீனாட்சி சிலையை உள்ளே வைத்துவிடுவார். வழிபாட்டுச் சிலைகளை மாலத்தீவுக்குள் கொண்டுபோகத் தடை. டியூட்டி ஃப்ரீ பாட்டிலும் அப்படித்தான், சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சிலையை வீட்டுப் பூஜை அறையிலேயே வையுங்கள். விமான நேரங்களை ஏஜென்டிடம் எழுதி வாங்கி எனக்கு அனுப்புங்கள், எத்தனை ராத்திரி உண்மையில் தேறும் என்று பார்த்துச் சொல்கிறேன்.