கோடியக்கரையில் பூநாரை பார்க்க எந்த மாதம் போகலாம்? ஒரு நாள் போதுமா?

தை, மாசியில் போங்கள். ஒரு நாள் போதாது, இரண்டு விடியற்காலையாவது கையில் இருக்கட்டும். நான் வேதாரண்யத்தில் வளர்ந்தவன், சித்தப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சதுப்பு முழுக்க நன்னீர் ஏறிவிடும். பார்க்கக் கடல் மாதிரி இருக்கும், ஆனால் பறவைகள் சிதறிக் கிடக்கும். மழை நின்று தண்ணீர் முழங்கால் அளவுக்கு வடியும்போதுதான் பூநாரைகள் கூடும். அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சின்னப் புழு பூச்சிகளையும் கூனி இறாலையும் பாசியையும் அரித்துத் தின்னும். சித்திரை வந்தால் தரை வெடித்து உப்புப் பூத்துவிடும்.

மழைநீரும் கடல்நீரும் கலக்கிற அளவில்தான் எல்லாமே இருக்கிறது. உப்பு கூடிப்போனால் இரை செத்துவிடும். கடைமடைக்கு ஆற்று நீர் குறைந்ததும், சதுப்பை ஒட்டிப் பெரிய உப்பளங்கள் விரிந்ததும் இந்தக் கலவையைக் கெடுத்துவிட்டன. உப்பளக் கூலியில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. இருந்தும் சொல்கிறேன், மிச்சமிருக்கும் சதுப்பில் இன்னொரு பாத்திகூட ஏறக் கூடாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை சேர்த்து 385 சதுர கிலோமீட்டர், 2002-லேயே ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம் இது.

அப்புறம், பூநாரையோடு நின்றுவிடாதீர்கள். சேற்று ஓரமாகக் குனிந்து பாருங்கள், கொசு உள்ளான் ஓடிக்கொண்டிருக்கும். சிட்டுக்குருவி அளவுதான், சைபீரியாவிலிருந்து பறந்து வருகிறது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறியப் பல்லாண்டுகளாக இங்கே அவற்றுக்குக் கால்வளையம் மாட்டுகிறார்கள். பள்ளி நாளில் ஒருமுறை, வளையம் மாட்டிய கொசு உள்ளானை என் உள்ளங்கையில் வைத்தார்கள். எடையே தெரியவில்லை. நெஞ்சு துடிப்பது மட்டும் விரலில் தெரிந்தது. ஒரு நொடிதான், பறந்துவிட்டது. இன்றும் சதுப்பைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தத் துடிப்புதான் ஞாபகம் வரும்.

இரண்டாவது காலை வெளிமானுக்கு. 1967-ல் சரணாலயம் அமைந்ததே முக்கியமாக அதற்காகத்தான். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும், அதைச் சீமைக் கருவேலம் மூடிக்கொண்டே வருகிறது. காயைத் தின்னும் மாடுகளும் காட்டுக் குதிரைகளும் சாணத்தோடு விதையையும் பரப்பிவிடுகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மான்கள் செத்துக் கரை ஒதுங்கியதை எங்கள் ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. அதனால் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், ஹாரன் வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள், வழியில் உப்பளத்தில் வேலை செய்கிறவர் யாரையாவது பார்த்து, "தண்ணி எந்தப் பக்கம் நிக்குது அண்ணே?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கை காட்டுகிற பக்கம்தான் பறவை இருக்கும்.