விலாவுக்கு ஓய்வில்லை: நெஞ்சு அறுவைக்குப் பிந்தைய வலி பற்றி மயக்கமருந்து மருத்துவரிடம் பலர் கேட்டவை

அப்பாவின் நுரையீரல் கட்டியை விலா இடுக்கைத் திறந்து எடுக்கப்போகிறார்கள். முழு மயக்கம் கொடுத்த பிறகும் முதுகில் தனியாக ஊசி எதற்கு, டாக்டர்?

பாடே மயக்கம் தெளிந்த பிறகுதான். காலில் புண் என்றால் அசைக்காமல் கிடக்கலாம். விலா ஒவ்வொரு மூச்சுக்கும் அசைந்தே ஆகவேண்டும். வலிக்குப் பயந்து அப்பா அரைமூச்சு விடுவார், இருமலை அடக்குவார். சளி தேங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், நிமோனியா எட்டிப்பார்க்கும். மார்ஃபினை மட்டும் நம்பினால் வலியோடு மூச்சும் மந்தப்படும். விலா நரம்புகளை மட்டும் மரக்கவைத்தால் அவர் விழித்திருந்து இருமுவார். எனக்கு வேண்டியது அந்த இருமல்தான்.

எபிடியூரல், பாராவெர்டிப்ரல், எரெக்டர் ஸ்பைனே என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். எது நல்லது?

தண்டுவடத்திலிருந்து எவ்வளவு தள்ளி மருந்தை வைக்கிறோம் என்பதே வித்தியாசம். எபிடியூரல் தண்டுவட உறைக்கு வெளியே போவது; இரு பக்கமும் மரக்கும், ரத்த அழுத்தம் இறங்கலாம், சிறுநீர் கழிக்கச் சிரமப்படலாம். பாராவெர்டிப்ரலில் நரம்பு முதுகெலும்பை விட்டு வெளிவரும் இடத்தில், ஒரு பக்கம் மட்டும். ஜெர்மானியர் செல்ஹைம் 1905இல் செய்தது இது. பிறகு மறந்தே போய் 1979இல்தான் மீண்டும் பேசப்பட்டது. நுரையீரல் உறை மிக அருகில் இருப்பதால் அல்ட்ராசவுண்டில் ஊசிமுனையைப் பார்த்தபடி போடுவோம். எரெக்டர் ஸ்பைனே 2016இல் வந்த இளையவர். முதுகுத் தசைக்கு அடியில், எலும்பின் மேல் மருந்தை விடுவதால் எளிது, ஆபத்தும் குறைவு. ஆனால் மருந்து எல்லோருக்கும் ஒரேபோலப் பரவுவதில்லை. விலாவைத் திறந்தால் பாராவெர்டிப்ரல், துளைவழி அறுவைக்கு எரெக்டர் ஸ்பைனே போதும் என்பது என் கட்சி.

எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறேன். இந்த ஊசி போடலாமா?

ஆஸ்பிரின் மட்டும் என்றால் தடையில்லை. குளோபிடோக்ரலை எபிடியூரலுக்கு 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தவேண்டும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது பெரிய விபரீதம். இதய மருத்துவர் சொல்லட்டும். நிறுத்தவே முடியாதென்றால் எரெக்டர் ஸ்பைனே போல மேலோட்டமான ஊசியைப் பற்றி யோசிப்போம்.

அறுவை முடிந்த அண்ணனுக்கு நெஞ்சு வலிக்கவில்லையாம், தோள் உயிர்போகிறதாம். ஊசி பலிக்கவில்லையா?

பலித்திருக்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. அங்கே உறுத்தினால் தோளில் வலிப்பதுபோல் தெரியும். நெஞ்சில் போட்ட மருந்து அதைத் தொடாது. பாராசிட்டமால் போன்ற சாதாரண வலிமருந்துகளே பெரும்பாலும் கைகொடுக்கும்.

மரப்பு எவ்வளவு நேரம் இருக்கும்?

ஒரே ஊசி என்றால் அரைநாள் முதல் ஒரு நாள். மெல்லிய குழாய் வைத்தால் இரண்டு மூன்று நாளும் ஓட்டலாம். மரப்பு விலகும் வரை காத்திராமல் முன்பே மாத்திரை கேட்டு வாங்குங்கள். எபிடியூரல் போட்டவருக்குக் கால் புதிதாகத் தளர்ந்தால் உடனே சொல்லவேண்டும்.

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்துக் கருவியில் அம்மாவால் ஒரு பந்தைக்கூட ஏற்ற முடியவில்லை.

ஊதுகிறாரா என்று பாருங்கள். பாதிப்பேர் ஊதுகிறார்கள்! அதை உறிஞ்சவேண்டும். சரியாக உறிஞ்சியும் வலியால் பாதியில் நின்றால், நர்ஸிடம் அப்போதே சொல்லுங்கள். குழாய் இருந்தால் அதன்வழியே இன்னும் கொஞ்சம் மருந்து கொடுக்க முடியுமா என்று பார்ப்போம்.