ஒரே ஒரு நாள் இருந்தால் லூபெக் போங்கள்

கேள்வி: ஜெர்மனியில் பழைய நகரம் ஒன்றைப் பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறது. மூனிக், ஹைடல்பெர்க் தவிர எங்கே போகலாம்? அங்கே எதைப் பார்க்க வேண்டும்?

லூபெக். யோசிக்காமல் சொல்வேன். நான் ஹாம்பர்க்கில் இருக்கிறேன். அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் லூபெக்குக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கு இல்லை.

அந்த ஊரைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: வட ஜெர்மனியில் கல் கிடையாது. வெட்டியெடுக்க மலையும் இல்லை, பாறையும் இல்லை. பனியுகத்தில் பனிப்பாறைகள் உருட்டிக்கொண்டு வந்து போட்ட குண்டுக்கற்கள் வயல்களில் கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் களிமண் தாராளமாக இருந்தது. பிரான்சில் சுண்ணாம்புக் கல்லைச் செதுக்கி, கூர்வளைவுகளோடு உயரமாகக் கட்டிய கோதிக் பாணித் தேவாலயங்களைப் பார்த்த லூபெக் வணிகர்கள், அதையே செங்கல்லில் எழுப்பிக் காட்டினார்கள். செங்கல்லைச் சிற்பம்போல நுணுக்கமாகச் செதுக்க முடியாது. அதனால் தூணின் வளைவுக்கு ஓர் அச்சு, ஜன்னல் விளிம்புக்கு ஓர் அச்சு என்று முதலிலேயே வடிவம் கொடுத்துச் சூளையில் சுட்டார்கள். கட்டடம் முழுவதையும் சுடுவதற்கு முன்பே மனதில் கட்டி முடித்திருக்க வேண்டும். எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது இதுதான்.

சந்தைத் திடலில் இருக்கும் நகர மன்றக் கட்டடத்தின் சுவர் அருகில் போய் நின்று பாருங்கள். ஒரு வரிசை சிவப்புச் செங்கல் என்றால் அடுத்த வரிசை கருமையாக மெருகேற்றியது. மழை பெய்து ஓய்ந்த நேரமாக இருந்தால் அந்தக் கருப்பு வரிசைகள் மட்டும் பானை விளிம்புபோலப் பளபளக்கும். சுவரின் உச்சியில் பெரிய வட்ட ஓட்டைகள் இருக்கும். அலங்காரத்துக்கு என்று நினைக்காதீர்கள். பின்னால் கூரை இல்லாமல் தனியாக நிற்கும் உயரமான முகப்பு அது, கடல் காற்று தள்ளிவிடாமல் இருக்கத்தான் துளை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ராவே, வாக்கெனிட்ஸ் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள மேட்டில் 1143இல் கோமகன் அடோல்ஃப் இந்த ஊரை நிறுவினார். 1157இல் அது எரிந்துபோக, 1159இல் சிங்க ஹென்ரி என்று பெயர்பெற்ற சாக்சனி கோமான் மறுபடி எழுப்பினார். 1226இல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் இதைச் சுதந்திர நகரமாக அறிவித்தார். அதாவது பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்டால் போதும், இடையில் எந்தச் சிற்றரசனும் கிடையாது. அந்த உரிமையை 1937 வரை வைத்திருந்தார்கள். பால்டிக் கடல் வணிகத்தைக் கையில் வைத்திருந்த ஹான்சா என்ற வணிக நகரங்களின் கூட்டணிக்கு லூபெக்தான் தலை. தெற்கே இருக்கும் லூனேபுர்க் ஊரின் உப்பு இங்கே வரும், இங்கிருந்து கப்பலில் வடக்கே போகும், அங்கே பிடித்த ஹெர்ரிங் மீன் உப்பிட்டு இங்கே வரும். விரத நாட்களில் ஐரோப்பா முழுக்க இறைச்சிக்குப் பதில் மீன் தின்ற காலம் அது. கையில் காசு புரண்டதில் ஆச்சரியம் இல்லை. ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் ஆறு உப்புக் கிடங்குகளை இன்றும் பார்க்கலாம். அவை 1579க்கும் 1745க்கும் இடையில் கட்டியவை.

அந்தக் காசு எங்கே போனது என்பதற்குப் பதில் மரியாள் தேவாலயம். ஆயரின் பேராலயம் ஊரின் தென்கோடியில் இருக்கிறது. வணிகர்கள் தங்களுக்கென்று சந்தைக்குப் பக்கத்திலேயே, ஊரின் உச்சியில், அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். உள்ளே வளைகூரையின் உயரம் 38.5 மீட்டர். செங்கல்லில் இதைவிட உயரமான வளைகூரை உலகத்தில் இல்லை. இரட்டைக் கோபுரங்கள் ஏறக்குறைய 125 மீட்டர். பால்டிக் கரையோரம் இருக்கும் எத்தனையோ தேவாலயங்கள் இதைப் பார்த்துக் கட்டியவைதான். 1705இல் இருபது வயது இசைக்கலைஞர் பாஹ், இங்கே ஆர்கன் வாசித்த புக்ஸ்டெஹூடெயைக் கேட்பதற்காக ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வந்தார். நான்கு வாரம் விடுப்பு கேட்டுவிட்டு நான்கு மாதம் கழித்துத்தான் திரும்பினார்.

உள்ளே போனதும் தெற்குக் கோபுரத்தின் அடித்தளத்துக்குப் போங்கள். 1942 மார்ச் 28 இரவு, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. பழைய நகரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போனது, முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவாலயம் எரியும்போது கோபுரத்திலிருந்த மணிகள் அறுந்து விழுந்தன. விழுந்த இடத்திலேயே இன்றும் கிடக்கின்றன. வெண்கலம் பிளந்து, விளிம்பு சுருண்டு, கீழே தளக்கல் குழிந்திருக்கிறது. எடுத்து உருக்கி வேறு மணி வார்த்திருக்கலாம், அவர்கள் செய்யவில்லை. அந்தக் கம்பித் தடுப்புக்கு முன்னால் நின்று சத்தமாகப் பேசிய யாரையும் நான் பார்த்ததில்லை. இந்தக் குண்டுவீச்சைப் பற்றிப் பேசும்போது, ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரை 1940இல் எரித்ததையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். தேவாலயத்திலேயே, நல்லிணக்கத்தின் அடையாளமாக, கோவென்ட்ரியின் ஆணிச் சிலுவை ஒன்று வைத்திருக்கிறார்கள்.

தீயின் சூட்டில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து, அடியில் இடைக்கால ஓவியங்கள் வெளிப்பட்டன. அப்புறம் நடந்தது வருத்தமான கதை. சீரமைக்க வந்த மால்ஸ்காட் என்ற ஓவியர், பீடப் பகுதியில் ஒன்றும் மிஞ்சாத இடங்களில் தானே வரைந்துவிட்டார். 1951இல் தேவாலயத்தின் 700ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் அடெனாவர் வந்தார், தபால்தலைகூட வெளியிட்டார்கள். மறு வருடம் மால்ஸ்காட்டே வந்து "வரைந்தது நான்தான்" என்று ஒப்புக்கொண்டார். சிறைக்குப் போனார், பீடப் பகுதியிலிருந்த அந்த ஓவியங்களைக் கழுவிவிட்டார்கள். என்னைக் கேட்டால் கழுவியது சரி. பக்கத்திலேயே உடைந்த மணியை உடைந்தபடி வைத்திருக்கிற ஓர் இடத்தில் போலிக்கு வேலை இல்லை.

பீடத்துக்குப் பின்னால் சுற்றிவரும் பாதையில், கடைசி இராவுணவைக் காட்டும் 1498ஆம் ஆண்டுக் கல் புடைப்புச் சிற்பம் இருக்கும். அதன் ஓரத்தில், கீழே, ஓர் எலி. ஆள் ஆளாகத் தொட்டுத் தொட்டுக் கருத்துப் போயிருக்கிறது. தொட்டால் நல்லது நடக்கும் என்று சொல்வார்கள். குழந்தைகளோடு போனால் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும்.

ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியில் ஹோல்ஸ்டென்டோர் கோட்டை வாசலை எப்படியும் பார்ப்பீர்கள். பழைய 50 மார்க் நோட்டில் இருந்த படம் அதுதான். 1464இல் தொடங்கி 1478இல் முடித்தார்கள். சதுப்பு நிலம் என்பதால் கட்டும்போதே உள்வாங்கிவிட்டது, கோபுரங்கள் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். வெளிப்புறச் சுவரின் தடிமன் 3.5 மீட்டர், ஊருக்குள் பார்த்த பக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இதை இடித்துவிடலாம் என்று 19ஆம் நூற்றாண்டில் பலர் கிளம்பினார்கள். 1863இல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தப்பியது.

மதியத்துக்கு மேல் சந்துகளுக்கு விட்டுவிடுங்கள். இதைத்தான் பெரும்பாலானவர்கள் தவறவிடுகிறார்கள். ஊர் தீவுபோல இருந்ததால் விரிய இடம் இல்லை. தெருவைப் பார்த்த பெரிய வீடுகளின் கொல்லைப்புறத்தில் சின்னச் சின்ன வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். முன்வீட்டின் கீழே குகைபோல ஒரு வழி இருக்கும். ஒரு சவப்பெட்டி போகும் அகலம் இருந்தாக வேண்டும் என்பதுதான் அளவு என்று சொல்கிறார்கள். தலையைக் குனிந்து நுழைந்தால் அந்தப் பக்கம் ரோஜாச் செடி, ஒற்றை அறை அகலத்தில் வீடுகள், ஜன்னலில் பூனை. இப்படித் தொண்ணூறு சந்துகள்வரை இன்னும் இருக்கின்றன. மக்கள் குடியிருக்கும் இடம், மெதுவாகப் பேசுங்கள், ஜன்னலுக்குள் படம் எடுக்காதீர்கள். ஃப்யூக்டிங்ஸ்ஹோஃப் முற்றத்தையும் பாருங்கள். 1639இல் வணிகர், கப்பல் தலைவர்களின் கைம்பெண்களுக்காக ஒரு வணிகர் விட்டுச்சென்ற சொத்தில் கட்டியது.

நேரம் மிச்சமிருந்தால் பேதுரு தேவாலயக் கோபுரத்தில் லிஃப்டில் ஏறி, மரியாள் தேவாலயத்துக்கு மேற்கே பாருங்கள். புத்தம் புதிதாகக் கூரைகள் தெரியும். 1942இல் முற்றிலும் எரிந்த பகுதி அது. போருக்குப் பிறகு அங்கே பெரிய பள்ளிக் கட்டடங்களை வைத்தார்கள். பிறகு அவற்றை இடித்து அகழாய்வு செய்தபோது 12ஆம் நூற்றாண்டின் மர நிலவறைகள் மண்ணுக்குள் கிடைத்தன. இப்போது பழைய மனைகளின் அளவிலேயே, முக்கோண முகப்பைத் தெருவுக்குக் காட்டியபடி, குறுகலான வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். பழசுபோல வேஷம் போடவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டு வந்து உங்களுக்கு எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள்.